கஃபார் கடை ரொட்டியும் கோதண்டபாணி நாயக்கரின் பிரகடனமும்

"என் சம்சாரம் வாய்ல படாத எதுவும் என் வாய்ல பட்டதில்ல. படவும் படாது. இந்த மெட்ராஸ்ல வேற எவனாவது இப்டிச் சொல்லட்டும் பாக்கலாம்."

இந்தப் பிரகடனம் வெளியான இடம் அப்துல் கஃபார் சாயபுவின் ரொட்டிக் கடை. வெளியிட்டவர், மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் இருந்த விறகுத் தொட்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த கோதண்டபாணி நாயக்கர். வெளியிடும்போது அவருடைய இடது கை மேசையைக் குத்தியது. வலது கை சால்னாவுக்குள் இருந்தது. கோட்டையில் உட்கார்ந்து கவர்னர் துரை போட்ட சட்டங்களுக்குக்கூட இவ்வளவு அமைதியான சபை வாய்த்திருக்காது. சபையோர் அத்தனை பேர் வாயிலும் ரொட்டி இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இத்தனைக்கும் ஆரம்பித்து வைத்தவன் ஜட்கா வண்டிக்கார நாகராஜ். நாயக்கர் வயிறு நிறையத் தின்றுவிட்டு, வழக்கம்போல வீட்டுக்கு ரெண்டு ரொட்டியும் கொஞ்சம் கறியும் கட்டச் சொன்னதை அவன் பார்த்துவிட்டான்.

"இன்னா நாய்க்கரே, தின்னது போதாதுன்னு மூட்ட வேற கட்டிக்கினு போற?"

"எனக்கு இல்ல நைனா. ஊட்டுக்கு."

"ஊட்டுக்கா? பொண்டாட்டிக்கு பயந்துக்கினு ரொட்டி வாங்கிக்கினு போறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்துதான் மேற்படி பிரகடனம் பிறந்தது. பிறந்த பிறகு நாயக்கர் அதைச் சும்மா விடவில்லை. சனிக்கிழமைதோறும் அதற்குப் புதுப் புது வார்த்தை போட்டு வளர்த்தார். நாளடைவில் அது அவருடைய விலாசமாகவே ஆகிவிட்டது. எந்த நாயக்கர் என்று யாராவது கேட்டால், "அதான்யா, பொண்டாட்டி வாய்ல படாதத தின்னாத நாய்க்கரு" என்பார்கள்.

கடை இருந்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் டிராம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால், மயிலாப்பூர் தனக்கும் இனி நடக்கப் போவதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிக்கொள்ளும் இடம் ஒன்று வரும். அங்கேதான் கஃபார் கடை. ஆனால் கறி வாசனைக்கு எல்லைக் கல் தெரியாது. காற்று தெற்கே திரும்பிய மாலைகளில் அது குளக்கரை வரைக்கும் உலாவப் போகும். எதிரே வந்த பெரிய மனிதர்கள் மூக்கை இறுகப் பொத்திக்கொள்வார்கள். பொத்திய விரல்களின் நடுவே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டும் போவார்கள்.

உள்ளே வலியுல்லா என்றொருவர் தரையில் புதைத்த மண் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பார். மாவைக் கையில் தட்டி, நீட்டி, அடுப்பின் உட்சுவரில் ஓங்கி ஓர் அறை வைப்பார். ரொட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு கோபம் வந்ததுபோல உப்பும். இரும்புக் கம்பியால் கொத்தி எடுத்து அவர் வீசினால் அது தட்டில் வந்து விழுந்து பெருமூச்சு விடும். பிட்டால் ஆவி. வாயில் போட்டால் மெல்லுவதற்கு வேலையில்லை. கறியோ வேறு ரகம். முதல் வாய் நாக்கில் இறங்கும், அடுத்தது காதில், அதற்கப்புறம் உச்சந்தலையில். முன் நெற்றியெல்லாம் வியர்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாய், இன்னும் கொஞ்சம் சால்னா" என்று கேட்பவன்தான் அந்தக் கடையில் ஆண்பிள்ளை.

நாயக்கரின் ஆண்மைக்கு அங்கே குறைவே இருந்ததில்லை.

தின்று முடித்ததும் மந்தார இலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்புவார். வீடு அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். நேராக நடந்தால் நடந்துவிடலாம். ஆனால் நாயக்கரைப் போன்ற பொறுப்புள்ள மனிதர் நேராக நடக்க முடிவதில்லை. குளத்தங்கரையில் யாராவது நாட்டு நிலவரம் கேட்பார்கள். மந்தவெளியில் பாக்குக் கடைக்காரனுக்கு மழை வருமா வராதா என்று சொல்லியாக வேண்டும். பாலத்தின் மேல் நின்று காற்று வாங்காமல் போனால் பாலம் கட்டினவர்கள் வருத்தப்படுவார்கள். இத்தனை கடமைகளையும் முடித்துக்கொண்டு அவர் வாசலில் நுழையும்போது விளக்கு வைத்திருப்பார்கள்.

மனைவி பாஞ்சாலி பொட்டலத்தைப் பிரித்துத் தின்னுவாள். நாயக்கர் பாயில் சாய்ந்துகொண்டு வர்ணனை செய்வார்.

"பஞ்சு மாதிரி கீதா?"

"கீது."

"வாய்ல போட்டா கரையுதா இல்லியா?"

"கரையுது, கரையுது. நீ படு."

அடையாற்றுப் பங்களாக்களில் மாவும் மிளகாயும் இடித்துக் கொடுப்பது பாஞ்சாலியின் தொழில். நாளெல்லாம் உலக்கை பிடித்த தோளோடு அவள் அந்த ரொட்டியைக் கடைவாயில் வைத்து இழுத்து இழுத்துத் தின்னுவாள். விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் நாயக்கர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தாலும், ருசியில் லயித்துத் தின்கிறாள் என்றே நினைத்திருப்பார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் இப்படியே ஓடியது. பிள்ளை குட்டி இல்லை. சனிக்கிழமைகள் இருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் பாஞ்சாலிக்குச் சோறு தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. மிளகாய் நெடி என்று அவள் நினைத்தாள். கஷாயம் குடித்தாள், வேப்பிலை அடித்தார்கள், மாதா கோவிலுக்குக்கூட ஒரு மெழுகுவர்த்தி போயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நாயக்கர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் வெகு நேரம் பார்த்தார். பிறகு நாயக்கரைத் தனியே அழைத்து, தொண்டைக்குக் கீழே கட்டி வளர்ந்திருக்கிறது, வழி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வரும், கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று நிதானமாகச் சொன்னார். "விழுங்க முடிகிற வரைக்கும் ஆசைப்பட்டதைக் கொடுங்கள்" என்றார்.

நாயக்கர் வீட்டுக்கு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, மகாராஜா வரம் கொடுக்கிற தோரணையில் கேட்டார்.

"இன்னா வோணும் ஒனக்கு? கேளு. இந்தப் பட்டணத்துல இன்னா கீதோ அத்தினியும் கேளு."

பாஞ்சாலி கொஞ்சம் யோசித்தாள்.

"யோவ், அந்த ரொட்டி நெசமாவே பஞ்சு மாதிரி இருக்குமா?"

"இன்னாமே கேக்கற? வாரா வாரம் தின்னுக்கினுதான கீற?"

"நான் தின்னது தோலு மாதிரி கீது. நீ பொய் சொல்றன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

"பொய்யா?"

"நீ சொல்றதுல பாதி அப்டித்தானே. அதுவும் அதுல சேத்தின்னு வுட்டுட்டேன். நேத்து அந்த நாகராஜ் பொண்டாட்டி வந்துச்சு. அவனும் பஞ்சு மாதிரின்னுதான் சொல்வானாம். அப்ப நெசமாத்தான் இருக்கும்போல." அவள் எச்சிலைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். "பஞ்சு மாதிரின்னா எனக்கு உள்ள எறங்கும்ல? சுடச்சுட ஒண்ணே ஒண்ணு தின்னுப் பாக்கணும்யா."

நாயக்கர் எழுந்து வெளியே போய், அடுக்கி வைத்திருந்த விறகின் மேல் உட்கார்ந்தார். ஊரறிந்த பிரகடனத்தில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. அவர் வாயில் பட்ட ரொட்டி அவள் வாயில் ஒரு நாளும் பட்டதில்லை. பட்டது வேறு ஏதோ. இந்த விஷயம் வெளியே தெரிந்தால் நாகராஜ் என்ன சொல்வான் என்று யோசிக்கப் பார்த்தார். அவன் சொல்வது எதுவும் மனசில் வரவில்லை. குளத்தங்கரையில் மழையைப் பற்றியும் காங்கிரஸைப் பற்றியும் தான் பேசி நின்ற பேச்சுக்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன.

மறுநாளே வேலை ஆரம்பமாகியது. எந்தக் காரியத்தையும் முறையாகச் செய்பவர் என்று நாயக்கருக்குத் தன்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. முறைப்படி முதலில் ஒரு தூக்குச் சட்டி சம்பாதித்தார். ரொட்டி அடுப்பை விட்டு வந்ததும் சட்டியில் போட்டு அழுத்தி மூடினார். டிராமில் ஏறினார். மந்தவெளியில் நாகராஜ் ஜட்காவோடு காத்திருப்பதாக ஏற்பாடு.

டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நெற்றியில் பட்டையாக விபூதி பூசிய ஒரு மயிலாப்பூர்ப் பெரியவர். சிறிது நேரம் மூக்கைச் சுழித்துவிட்டுக் கேட்டார்.

"என்னய்யா அது சட்டியிலே?"

"மருந்து சாமி."

"மருந்தா? பட்டை லவங்க வாசனைன்னா வர்றது."

"நாட்டு மருந்து சாமி. ஊட்ல சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்ல."

"எந்த வைத்தியர் குடுத்தார்?"

"அப்துல் கஃபார் சாமி."

பெரியவர் நாயக்கரை ஏற இறங்கப் பார்த்தார். "கொஞ்சம் அந்தண்டை தள்ளி வையும்" என்றார். டிராம் ஒரு வளைவு திரும்பியதும், "சரி, சரி. விழுந்துடப் போறது. இந்தண்டையே இருக்கட்டும்" என்றார்.

ஜட்கா பறந்தது. பாலத்தில் நாயக்கர் காற்று வாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாலம் அவரை நிற்க வைக்க முடியாமல் தோற்றது. வீட்டுக்குள் ஓடி மூடியைத் திறந்தார். சூடு இருந்தது. ஆனால் ஆவி முழுவதும் மூடியில் முட்டி, தண்ணீராகி, ரொட்டியின் மேலேயே இறங்கியிருந்தது. வெளியே எடுத்தபோது அது துவைத்துப் பிழியாத துணி மாதிரி தொங்கியது. பாஞ்சாலி ஒரு துண்டு வாயில் போட்டாள். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டு அவளைப் படாத பாடு படுத்தியது. நாயக்கர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் கீது" என்றாள் அவள், மூச்சு வந்ததும்.

அடுத்து மூடியில்லாமல், கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து பார்த்தார். வழியில் ஜட்காக் குதிரைக்குச் சொந்தத்தில் ஏதோ அவசரம் வந்து நின்றுவிட்டது. பாலத்துக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ரொட்டி பழையபடி தோலாகி வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் ஒரு பெரிய யோசனை பிறந்தது. ரொட்டியை ஏன் கொண்டுவர வேண்டும், மாவைக் கொண்டுவந்தால் போகிறது. வலியுல்லாவிடம் கெஞ்சி ஓர் உருண்டை மாவு வாங்கிவந்து, வாய் அகன்ற பானையைத் தணல் மேல் கவிழ்த்து, நாயக்கரே தட்டினார். பாதி மயிலாப்பூரின் அடுப்புகளுக்கு விறகு நிறுத்துப் போட்ட கை அது. அடுப்புக்கு மேலே நடக்கிற காரியம் எதுவும் அதற்குத் தெரியாது. மாவு பானையில் ஒட்டாமல் தணலில் விழுந்தது. திரும்ப எடுத்து அறைந்தார். அது முழங்கை வரை ஒட்டிக்கொண்டு, பானையை மட்டும் பிடிக்க மாட்டேன் என்றது. கடைசியில் ஒட்டின ஓர் ஓரம் கரியாகி வந்தது. முகமெல்லாம் மாவும் சாம்பலுமாக நாயக்கர் நிமிர்ந்தபோது, பாஞ்சாலி சிரித்துக்கொண்டிருந்தாள். வெகு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆனால் சிரிப்பும் அந்தத் தொண்டை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. சட்டென்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அதற்குள் சோறு நின்று கஞ்சி ஆகியிருந்தது.

இனி அவளைக் கடைக்கே கூட்டிப்போவது ஒன்றுதான் வழி. இந்த இடத்தில்தான் கஃபார் கடையின் பெரிய மனிதர்கள் கூடி யோசனை செய்தார்கள். கடையில் பெண்பிள்ளை உட்கார்ந்து தின்ற வழக்கம் கிடையாது. பெண்பிள்ளை உள்ளே வந்தால் ஆண்கள் எங்கே பார்ப்பது, சால்னாவை எப்படி உறிஞ்சுவது என்பதெல்லாம் இதுவரை யாரும் தீர்த்து வைக்காத விஷயங்கள்.

"நாய்க்கரே, ஒம் மனசு புரியுது," என்றார் கஃபார், தாடியை நீவிக்கொண்டே. "ஆனா நாலு ஆம்பள தின்ற எடம். பேசற பேச்சு ஒண்ணும் நல்லா இருக்காது. அந்தம்மா காதுல உளுந்தா எனக்குத்தான் பாவம்."

"சாக்குத் தட்டி கட்டி மூலையில ஒக்கார வெச்சுடலாம் பாய்."

"தட்டிக்குப் பின்னால இன்னா கீதுன்னு கடையில அத்தினி பேரும் அங்கியே பாத்துக்கினு இருப்பான்."

"பேசாம நம்ம வண்டிய வாசல்ல நிறுத்திடறேன்," என்றான் நாகராஜ். "படுதா கட்டி உள்ளயே ஒக்காரட்டும். ரொட்டிய உள்ள நீட்டிட்டாப் போச்சு."

"அவ இன்னா குதிரையா, வண்டியில வெச்சே தீனி நீட்டறதுக்கு?"

"நல்லதுக்குச் சொன்னா கோவிச்சுக்கற பாத்தியா?"

இப்படி ஒரு நாள் போயிற்று. மறுநாள் தட்டியா படுதாவா என்பது மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கடுத்த நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் கடை காலியாக இருக்கும்போது கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டு, அப்போது அடுப்பும் காலியாகத்தானே இருக்கும் என்று இன்னொருவர் சுட்டிக்காட்டி, சபை கலைந்தது. வீட்டில் கஞ்சி நின்று கஞ்சித் தண்ணீர் ஆயிற்று. நாயக்கர் கடைக்கு வந்தாலும் இப்போது தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேசிவிட்டு, தின்னாமலேயே எழுந்து போனார். பிரகடனம் அமலில் இருந்தது.

நாலாம் நாள் சபை நடந்துகொண்டிருக்கும்போது, கடைக்கும் பின்கட்டு வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கஃபாரின் மனைவி ஜைதூன் பீயின் குரல் அது. அத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் தின்றவர்கள் அவளைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் இல்லை. அவர்கள் தின்ற மசாலா மட்டும் அவள் அரைத்தது.

"பின்கட்டுக்குக் கூட்டிக்கினு வந்து எங்கூட ஒக்கார வெச்சா இன்னா? பொம்பள ஊட்டுக்குப் பொம்பள வர்றதுக்கு இத்தினி நாளா இன்னா பேச்சு?"

சபையில் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. நாகராஜ் எழுந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அன்று சாயந்தரமே பாஞ்சாலியைக் கூட்டிவந்தார்கள். அவள் சாயம் போகாத புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். ஜட்காவில் ஏற முடியாமல் நின்றவளை நாயக்கர் இரண்டு கையாலும் தூக்கி உட்கார வைத்தார். விறகு நிறுத்துப் பழகிய கை. தூக்கியதுமே எடை சொல்லிவிட்டது. நாயக்கர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்னாக்கா, கல்யாணத்துக்கா கெளம்பிட்ட?" என்றான் நாகராஜ்.

"ஆமா. ஒங்க நாய்க்கரு ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினாராம். ரொட்டிய. பொண்ணு பாக்கப் போறேன்."

நாகராஜ் சிரித்தான். சாட்டையை எடுக்காமலே வண்டியை ஓட்டினான். பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்தினான்.

பின்கட்டுக்குத் தனி வாசல் இருந்தது. ஜைதூன் பீ கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தாள். நாயக்கர் முறைப்படி திரைக்கு இந்தப் பக்கம், கடைக்குள், ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒங்க ஊட்டுக்காரரு பேசறது வாராவாரம் எனக்கு இங்க கேக்கும்மா," என்றாள் ஜைதூன் பீ.

"ஒங்களுக்காவது நடுவுல செவுரு கீது," என்றாள் பாஞ்சாலி.

இரண்டு பேரும் சிரித்த சத்தம் வந்தது. நாயக்கர் முக்காலியில் நெளிந்தார்.

ஜைதூன் பீ, உடம்பு சரியில்லாதவளுக்கு என்று காரம் போடாமல் தனியாகக் கொஞ்சம் கறி வைத்திருந்தாள். பாஞ்சாலி அதை வேண்டாம் என்றாள். "அவரு திங்கறது எதுவோ அதையே குடு தாயீ. அது எப்டி கீதுன்னுதான் வந்தேன்."

வலியுல்லா அன்று மாவைத் தட்டிய தட்டு வேறாக இருந்தது. ஒன்றைச் சுட்டார், பார்த்தார், சரியில்லை என்று கீழே போட்டார். இன்னொன்றும் பிடிக்கவில்லை. அடுத்தது குறையில்லாமல் உப்பி வந்தது. கம்பியோடு எழுந்து, "வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே திரை வரை ஓடி, கையை மட்டும் உள்ளே நீட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பாஞ்சாலி ரொட்டியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள். சுட்டது, கீழே வைக்கவில்லை. மெல்லப் பிட்டாள். உள்ளேயிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. கண்ணை மூடி அது அடங்கும் வரை அப்படியே இருந்தாள். பிறகு விரல் நுனி அளவு கிள்ளி, சிவந்த சால்னாவில் தோய்த்து, வாயில் வைத்தாள்.

"இன்னாமே, எப்டி கீது?" திரைக்கு இந்தப் பக்கமிருந்து நாயக்கரின் குரல்.

பாஞ்சாலி திரைப் பக்கம் திரும்பினாள்.

"பஞ்சுதான்யா."

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"உள்ள எறங்குச்சா?"

பாஞ்சாலி வாயில் இருந்ததை நாக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிப் பார்த்தாள். மெல்ல வேண்டியதில்லை, அவர் சொன்னபடியே அது கரைந்தது. கரைந்தும் கீழே வழியில்லை. காரம் நாக்கு முழுவதும் பரவி நின்றது. கழுத்து ஒரு தடவை எம்பியது, இன்னொரு தடவை எம்பியது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையின் ஒரு முனையில் அதைத் துப்பி, முடிந்து கைக்குள் வைத்துக்கொண்டாள். ஜைதூன் பீ தண்ணீர் எடுக்கப் போகிறவள்போல எழுந்து நின்றாள்.

"அக்கா, அவர இங்க வரச் சொல்லலாமா?" என்றாள் பாஞ்சாலி.

ஜைதூன் பீ முக்காட்டை இழுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய், கதவைச் சாத்தினாள். நாயக்கர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் முதலில் தட்டைப் பார்த்தார். ரொட்டி முழுசாக இருந்தது, ஓரத்தில் ஒரு கிள்ளல் தவிர. அவளைப் பார்த்தார். அவள் முடிச்சுப் போட்ட முனையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"குந்து," என்றாள்.

நாயக்கர் உட்கார்ந்தார்.

"தின்னு."

"நீ தின்னு மொதல்ல. இன்னும் ஒரு வாய். மெள்ளமா."

"நான் ருசி பாத்துட்டேன். நெசந்தான் நீ சொன்னது. ஒண்ணும் பொய்யில்ல." அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆறிப் போவுது பாரு. ஆறினத நான் நெறயா தின்னுட்டேன். நீ இத சூட்டோட தின்னு."

"எனக்கு வோணாம்மே."

"நீ இத திங்கறத நான் பாத்ததே இல்லியே. எப்டித் திங்கறன்னு பாக்கறேன். தின்னு."

பிரகடனம் செய்த வாய் அது. அன்று தின்ன மட்டும் திறந்தது. அவளுடைய மனசுக்காக ஒரு துண்டு என்று பிட்டார். அதைப் பேருக்கு வாயில் வைத்துவிட்டு எழுந்துவிடுவது என்பதுதான் திட்டம். ஆனால் அவர் சரியாகத் தின்று எத்தனையோ நாளாகியிருந்தது. வலியுல்லாவின் கை அன்று போல் என்றும் அமைந்ததில்லை. அவளுக்காக அரைத்த மசாலாவில் கறியும் என்றும் இல்லாத கறியாக இருந்தது. முதல் வாய் நாக்கில் இறங்கியது. அடுத்ததைக் கை கேட்காமலே எடுத்துக்கொண்டது. எவ்வளவு துக்கப்பட்டாலும் தன் வேலையைப் பார்க்கிற கயவாளிப் பயல் இந்த வயிறு என்பதை நாயக்கர் அந்தப் பாயில் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

அவர் நெற்றி வேர்த்துக் கொட்டியது. பாஞ்சாலி முந்தானையின் முடிச்சுப் போடாத முனையால் அதைத் துடைத்தாள்.

"காரமா?"

அவர் தலையை ஆட்டினார்.

"மூக்க உறிஞ்சறியே, கடையிலயும் இப்டித்தானா?"

அதற்கும் தலையை ஆட்டினார்.

தட்டில் ரொட்டி தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்ததை அவர் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். திரைப் பக்கம் திரும்பி, இருந்த குரலை எல்லாம் திரட்டி, "அண்ணே, இன்னொண்ணு" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "கறி?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றார் நாயக்கர்.

வலியுல்லாவின் கை திரைக்குள் நீண்டது. பாஞ்சாலி ரொட்டியை வாங்கி, பிட்டுக் கொடுத்தாள். அவர் தோய்த்தார். அவள் கண் அவர் வாயை விட்டு நகரவில்லை. நாயக்கர் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார்.